சொட்டு காய்ந்தால் என்ன மிஞ்சுகிறது? வீட்டில் இசைத்தட்டு கழுவ நான் வாங்கிப் பார்த்தவை

அப்பாவின் தட்டுப் பெட்டிகளைத் திறந்தபோது முதலில் வந்தது வாசனைதான். நனைந்து காய்ந்த அட்டை, பழைய சாம்பிராணி, அதற்கடியில் பூசணம். நான்கு மரப்பெட்டி, ஒரு மைலோ அட்டைப்பெட்டி. எண்ணிப் பார்த்தேன், 143 தட்டு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் கல்யாணம், திருவிழா, தீமிதி எதுவானாலும் ஒரு காலத்தில் அப்பாவின் ஸ்பீக்கர் செட்தான் போகும். லாரிக்குப் பின்னால் செம்மண் புழுதி, கோயில் முன்னால் கற்பூரப் புகை, மழை வந்தால் மேலே ஒரு தார்ப்பாய். அத்தனையும் அந்தத் தட்டுகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கேசட் வந்து, சிடி வந்து, தொழிலாளர் லயங்கள் காலியாகி, பால்மரம் (ரப்பர்) நின்ற இடத்தில் செம்பனை வந்த பிறகும் அப்பா அவற்றை விற்கவில்லை. அவர் தவறிய பிறகு பெட்டிகள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள என் வீட்டுக்கு வந்தன.

நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பாட்டைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடிக் குடுவையைக் கழுவத் தெரியும். கழுவுவதில் பாதி அழுக்கை எடுப்பது, மறுபாதி கழுவிய தண்ணீரை மிச்சமில்லாமல் எடுப்பது. எட்டு மாதமாக இந்தத் தட்டுகளோடு இருந்த பிறகு, சாமான் வாங்குவதற்கும் இந்தக் கணக்கு போதும் என்று நினைக்கிறேன்.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். எல்.பி. எனப்படும் நீண்டநேர வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் ஓடுவது ஒரே கோடு. வெளி விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே போகும். 20 நிமிடப் பக்கம் என்றால் அந்தக் கோட்டின் நீளம் 400 மீட்டருக்கு மேல் வரும். அகலமோ ஒரு தலைமுடி அளவுதான். அதன் இரு சுவர்களில்தான் பாட்டு இருக்கிறது, ஊசி அந்தச் சுவர்களை உரசிக்கொண்டு போகிறது. மேலே பளபளவென்று துடைத்துவிட்டால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் கரைந்த அழுக்கு அந்தக் கோட்டுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டால், கழுவுவதற்கு முன்பிருந்ததைவிட அதிகமாகக் கரகரக்கும். எனக்கு முதல் மூன்று தட்டில் அதுதான் நடந்தது.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். குழாய்த் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மெல்லிய துணி. அப்புறம் இணையத்தில் ஒரு கடையில் தட்டு கழுவும் திரவம் என்று ஒரு பாட்டில் வாங்கினேன். 65 வெள்ளி (ரிங்கிட்). உள்ளே என்ன இருக்கிறது என்று பாட்டிலில் ஒரு வரி இல்லை, நல்ல எலுமிச்சை வாசனை மட்டும் இருந்தது. போட்டுத் துடைத்து, காய வைத்து, பாட்டை வைத்தேன். பத்து நிமிடத்தில் ஊசி முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு பந்து. கடைக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

அப்போதுதான் பள்ளிக்கூடப் பழக்கம் ஞாபகம் வந்தது. நுண்ணோக்கியில் வைக்கும் ஸ்லைடு கண்ணாடி ஒரு பெட்டி வாங்கினேன். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு திரவத்தில் ஒரு சொட்டு வைத்து, ஓரத்தில் பேனாவால் எண் எழுதி, தூசி படாமல் மூடி, ஒரு ராத்திரி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னலுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தேன்.

குழாய்த் தண்ணீர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வளையம் போல ஒரு வெள்ளைக் கோடு. மினரல் வாட்டர் அதைவிட மோசம். அதில் தாது உப்பு இருக்கிறது என்றுதானே விற்கிறார்கள்! பாட்டிலில் வரும் இயற்கைத் தாது நீர் வேறு, சுத்திகரித்த குடிநீர் வேறு என்பது பலருக்குத் தெரியாது. சுத்திகரித்த குடிநீர் மங்கலாக ஒரு வட்டம் விட்டது, மூச்சுக் காற்று பட்ட மாதிரி. மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய பேட்டரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த நீர் (வடிநீர்), வைத்த இடமே தெரியவில்லை. சோப்புத் தண்ணீர் கண்ணாடியில் தோல் மாதிரி ஒரு படலம் போட்டிருந்தது. அந்த 65 வெள்ளி திரவமோ காயவே இல்லை. விரலை வைத்தால் ஒட்டியது. என் ஊசியில் பந்து எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிடம் புரிந்தது.

எந்தத் திரவத்தை வாங்கினாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள். ஸ்லைடு கண்ணாடி கிடைக்காவிட்டால் நன்றாகக் கழுவிய முகம் பார்க்கும் கண்ணாடி போதும். பாட்டிலில் எழுதியிருப்பதைவிட அந்த ஒரு சொட்டு அதிகம் சொல்லும்.

பேட்டரித் தண்ணீர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒர்க்‌ஷாப்பில் நான் கேட்டதும் அங்கிருந்த தம்பி, "அக்கா, தண்ணி வேணுமா, ஆசிட் வேணுமா?" என்று திருப்பிக் கேட்டான். இரண்டும் ஒரே மாதிரி பாட்டிலில்தான் இருந்தன. பேட்டரியில் முதல் தடவை ஊற்றுவது அமிலம், பிறகு குறையும்போது ஊற்றுவது தண்ணீர். பாட்டிலில் உள்ளதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

தண்ணீர் மட்டும் போதுமா என்றால் போதாது. தண்ணீரை வினைல் மேல் ஊற்றினால் வாழை இலையில் விட்ட மாதிரி முத்து முத்தாக உருளும், கோட்டுக்குள் இறங்காது. அதை இறங்க வைக்க ஈரமாக்கி ஒன்று வேண்டும். ஃபிலிம் கழுவிய காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்களில் கடைசி அலசலுக்குப் பயன்படுத்திய கோடாக் ஃபோட்டோ-ஃப்ளோ, இல்ஃபோர்ட் இல்ஃபோட்டோல் இரண்டும் இந்த வேலைக்குத்தான் வந்தவை. ஃபிலிமில் தண்ணீர்த் திட்டு விழாமல் வழிந்தோட அவற்றைச் சேர்ப்பார்கள். ஆவணக் காப்பகங்களில் டெர்ஜிட்டால் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதைச் சிறிய அளவில் வாங்குவது நமக்குச் சிரமம். நான் இல்ஃபோட்டோல் வாங்கினேன். ஒரு லிட்டருக்குப் பத்து சொட்டு, அவ்வளவுதான். நுரை வந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இதுவும் கண்ணாடியில் மெல்லிய சாயல் ஒன்றை விடுகிறது. அதனால் கடைசியில் வெறும் வடிநீரால் ஒரு தடவை அலசியே ஆக வேண்டும். இந்த அலசலை விட்டால் மேலே செய்த எல்லாம் வீண்.

பூசணத்துக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் 70 சதவீதமாகவும் கிடைக்கும், 99 சதவீதமாகவும் கிடைக்கும். 99-ஐ வாங்கி நாமே கலந்துகொள்வது நல்லது. காயத்தில் தேய்க்க என்று விற்பதில் வாசனையோ வேறெதுவோ சேர்ந்திருக்கலாம். நான்கு பங்கு வடிநீருக்கு ஒரு பங்கு ஆல்கஹால், அதற்கு மேல் நான் போவதில்லை. வினைலுக்கு ஆல்கஹாலே ஆகாது என்பவர்களும் இருக்கிறார்கள். வினைல் பி.வி.சி. குடும்பம், நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு உறவு. குறைந்த அளவில் போட்டு உடனே அலசி எடுத்தால் அது தாங்குகிறது, ஊற வைக்கத்தான் கூடாது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். சாமி விளக்கு எரியும் இடத்தில் ஆல்கஹால் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

இப்போது சொல்லப் போவது எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம். அப்பாவின் பெட்டியில் பதினொரு தட்டு 78 வேகத்தவை, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை. அதில் ஒன்று காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் அப்பா முதலில் வைப்பார். அதிலும் பூசணம் பூத்திருந்தது. ஆல்கஹால் கலவையைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். துணி கறுத்தது. நல்ல அழுக்கு வருகிறது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மூன்றாவது சுற்றில்தான் உறைத்தது, வருவது அழுக்கு இல்லை, தட்டே கரைந்து வருகிறது. சட்டென்று தண்ணீரை விட்டு அலசினேன். விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளப்பு போய்ச் சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது. இப்போது வைத்தால் முதல் நிமிடம் வெறும் இரைச்சல். அதற்குப் பிறகுதான் நாதஸ்வரம் தூரத்தில் வருகிறது.

78 தட்டு அரக்கில் செய்தது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறார்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும் என்று தெரிந்த நான்தான் இதைச் செய்தேன். எல்.பி. 1948-லேயே வந்துவிட்டதே, நம்மிடம் உள்ளது அறுபதுகளின் தட்டாயிற்றே என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் 1960களின் நடுவிலும் அரக்குத் தட்டு வந்துகொண்டிருந்தது, பீட்டில்ஸ் பாட்டுகூட அங்கே 78-ல் வந்திருக்கிறது. லேபிளில் வேகத்தைப் பாருங்கள். அரக்குத் தட்டு கையில் எடுத்தால் கனக்கும், விரல் நகத்தால் தட்டினால் பீங்கான் மாதிரி சத்தம் வரும், வளைக்கப் பார்த்தால் உடையும். அதற்கு வடிநீரும் இரண்டு சொட்டு ஈரமாக்கியும் மட்டும்தான், அதுவும் ஊற விடாமல்.

சரி, சாமான்களுக்கு வருகிறேன்.

கார்பன் இழை பிரஷ் ஒன்று கண்டிப்பாக வேண்டும். பாட்டு வைக்கும் முன் தட்டு சுற்றும்போது லேசாக வைத்து ஓரத்துக்கு இழுத்தால் மேல் தூசி போகும். என்னுடையது 35 வெள்ளி. ஆடியோ-டெக்னிக்கா மாதிரி நிறுவனங்கள் விற்கும் வெல்வெட் பிரஷ்ஷும் திரவமும் சேர்ந்த செட், புதுத் தட்டு வாங்கி ஒழுங்காக வைத்துக்கொள்பவர்களுக்கு நல்லது. திருவிழா பார்த்த தட்டுக்கு அது போதாது. ஈர வெல்வெட்டால் செம்மண் தூசியைத் தேய்த்தால் சேறாகி உள்ளே இறங்கும்.

எனக்கு அதிகம் உழைத்தது ஸ்பின்-கிளீன் தொட்டி. அமெரிக்கத் தயாரிப்பு, 1975 முதல் இருக்கிறது. எனக்கு 400 வெள்ளியை ஒட்டி வந்தது. நீளமான ஒரு பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே எதிரெதிராக இரண்டு பிரஷ், தட்டு உட்கார இரண்டு உருளை. மின்சாரம் கிடையாது. வடிநீரை ஊற்றி, அதனோடு வரும் திரவத்தைப் பிரஷ் மேல் விட்டு, தட்டைச் செங்குத்தாக இறக்கிக் கையால் மூன்று சுற்று இந்தப் பக்கம், மூன்று சுற்று அந்தப் பக்கம். இரண்டு முகமும் ஒரே நேரத்தில் கழுவப்படும், லேபிள் தண்ணீருக்கு மேலேயே நிற்கும். எனக்கு லேபிள் முக்கியம். அப்பா ஒவ்வொன்றிலும் மைப்பேனாவால் எண் போட்டு, எந்தத் தோட்டத்தில் எந்தப் பாட்டு கேட்பார்கள் என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். தொட்டியில் கழுவியதில் ஒரு லேபிள்கூட நனையவில்லை. திரவத்தில் ஆல்கஹால் இல்லை, அரக்குத் தட்டுக்கும் ஆகும். ஜெர்மனியின் நோஸ்டியும் இதே வகைதான். அதில் லேபிளை இரண்டு வட்டுகளுக்கு நடுவே இறுக்கிக் கைப்பிடியால் சுற்ற வேண்டும்.

தொட்டி எதுவானாலும் ஒரு எல்லை உண்டு. முதல் தட்டின் அழுக்கில்தான் இரண்டாவது தட்டு குளிக்கிறது. 12 தட்டு கழுவிய பிறகு தொட்டியின் அடியைப் பார்த்தேன், காப்பித்தூள் மண்டி மாதிரி செம்மண். அதனால் அழுக்கு குறைந்ததை முதலிலும், மோசமானதைக் கடைசியிலும் கழுவுகிறேன், பத்து தட்டுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுகிறேன். பூசணத் தட்டைத் தொட்டியில் போடுவதே இல்லை. அதை முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் காய்ந்த பொடியைத் தட்டி, தனியாகக் கழுவிய பிறகுதான் உள்ளே கொண்டு வருகிறேன். பூசண வித்து வீட்டுக்குள் பறந்தால் மற்ற பெட்டிகளுக்கும் பரவும், நம் நெஞ்சுக்கும் ஆகாது.

தொட்டியோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஈப்போவில் ஒரு நண்பர் வீட்டில் புரோ-ஜெக்ட் உறிஞ்சு இயந்திரம் இருக்கிறது. தட்டைச் சுழல விட்டு, திரவம் ஊற்றி, பிரஷ்ஷால் பரப்பி, பிறகு வெல்வெட் ஒட்டிய ஒரு குழாயைத் தட்டின் மேல் இறக்கினால் ஒன்றிரண்டு சுற்றில் ஈரம் முழுவதையும் அழுக்கோடு இழுத்துவிடும். காய்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை. கண்ணாடிச் சொட்டில் நான் கண்டது இங்கே இயந்திரமாக நின்றது. தொட்டியில் கழுவித் துணியால் துடைத்த சீர்காழியின் பக்திப் பாட்டுத் தட்டு ஒன்றை அங்கே கொண்டுபோய் மறுபடி கழுவினோம். இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் அமைதியில் வித்தியாசம் தெரிந்தது. முன்பு மெல்ல எண்ணெய் பொரிவது போல ஒரு சத்தம், இப்போது அது இல்லை.

ஆனால் விலை ஆயிரக்கணக்கில். 143 தட்டுக்கு என்னால் முடியாது. என் தம்பி ஒரு வழி செய்தான். வீட்டில் ஏற்கெனவே ஈரத்தையும் இழுக்கும் வேக்குவம் கிளீனர் இருந்தது. அதன் வாய்க்குப் பொருந்தும் பி.வி.சி. குழாயில் நீளமாக ஒரு பிளவு வெட்டி, பிளவின் இரு கரையிலும் வெல்வெட் ஒட்டிக் கொடுத்தான். வெல்வெட் பட்டணத்துத் துணிக்கடையில் கால் மீட்டர், மொத்தச் செலவு 20 வெள்ளிகூட இல்லை. மோட்டார் போன அப்பாவின் பழைய பிளேயர்தான் சுற்றும் மேசை. வடிநீரைத் தெளித்து, சுவருக்குச் சாயம் அடிக்கும் பட்டைப் பிரஷ்ஷால் ஓட்டி, குழாயை வைத்து இரண்டே சுற்று. அதற்கு மேல் வறட்சியாக இழுத்தால் நிலைமின் ஏறி, தட்டு உடனே தூசியைக் கூப்பிடும். சத்தம்தான் அதிகம். பக்கத்து வீட்டு மாச்சிக் (மலாய் அம்மா) தொழுகைக்கு உட்காரும் முன்பே முடித்துவிடுவேன்.

மீயொலி (அல்ட்ராசோனிக்) தொட்டிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹாங்காங்கின் ஹம்மிங்குரு, எஸ்டோனியாவின் டிகிரிட்டர் எல்லாம் அந்த வகை. நீரில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உருவாகி உடைந்து அழுக்கைப் பிரிக்கும். நல்ல முறை, பள்ளியில் கருவிகளை அப்படிக் கழுவியிருக்கிறோம். ஆனால் அந்த முறையில் தண்ணீர் சூடேறும், தட்டுக்குச் சூடு ஆகாது. குளிர் நாட்டில் தொட்டித் தண்ணீர் 20 டிகிரியில் தொடங்கும். இங்கே மத்தியானம் குழாயைத் திறந்தாலே 30-ஐ நெருங்கியிருக்கிறது. வாங்கினால் காலையில் கழுவுங்கள், நாலைந்து தட்டுக்கு ஒரு முறை ஆற விடுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால்தான் கட்டுபடியாகும் என்பது என் எண்ணம்.

காய வைக்க மரத்தட்டுத் தாங்கி போதும். வெயில் வேண்டாம், காற்றாடிக்கு நேரேயும் வேண்டாம், அது தூசியைக் கொண்டுவந்து ஒட்டும். கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள் திரும்பப் போடவே கூடாது, பூசணம் அங்கேதான் இருக்கிறது. 50 புது உறை கொண்ட கட்டு எனக்கு 40 வெள்ளி சொச்சம் ஆனது. பழைய தடித்த பி.வி.சி. உறையில் பல வருடம் கிடந்த தட்டில் பனி படிந்த மாதிரி மங்கல் இருந்தால், அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். உறையும் தட்டும் ஒன்றோடொன்று வேலை செய்த தழும்பு அது, எந்தத் திரவத்துக்கும் போகாது. எனக்கு அப்படி ஆறு தட்டு.

கீறலும் போகாது. 14-ஆம் எண் தட்டில் இரண்டாவது பாட்டின் சரணத்தில் ஒரு சொடுக்கு. தொட்டியில் கழுவினேன், உறிஞ்சினேன், மறுபடி கழுவினேன். மூன்றாவது தடவை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் குறுக்கே ஒரு சின்ன வெட்டு தெரிந்தது. அண்ணனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கேட்டதும் அவர், "இது தீமிதி அன்னிக்கு நான் மேசையில இடிச்சது. அப்பா எல்லார் முன்னாலயும் என்னைத் திட்டிட்டு, பாட்டை முதல்லேர்ந்து வெச்சார்" என்றார். லேபிளில் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி, அதற்குக் கீழே அண்ணன் பெயரின் முதல் எழுத்து.